பாலக்காடா, கோவையா, சென்னையா? ஜே.ஆர்.எஃப். கையில் இருந்தால் இடம் எவ்வளவு வித்தியாசம் செய்யும்?

சித்தூர் தாலுக்கா (கேள்வி)

வணக்கம்ங்க. எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து, சி.எஸ்.ஐ.ஆர்.–யூ.ஜி.சி. நெட் (தேசியத் தகுதித்) தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்திருக்கிறது. வீடு பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம். பிஎச்.டி. சேர மூன்று இடங்கள் கண்ணில் இருக்கின்றன: கஞ்சிக்கோட்டில் ஐ.ஐ.டி. பாலக்காடு, கோவையில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், சென்னையில் ஒரு பெரிய நிறுவனம்.

சென்னைக்குப் போனால்தான் பணமும் வேலையும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். மாதக் கையிருப்பில் உண்மையான வித்தியாசம் எவ்வளவு வரும்? முடித்த பிறகு தமிழ்நாட்டுக் கல்லூரி, கேரளக் கல்லூரி, கம்பெனி மூன்றில் எதற்கு எந்த இடம் உதவும்? தாய்மொழி தமிழ், சான்றிதழ்கள் எல்லாம் கேரளம்.

கூடவே இன்னொன்று. சித்தி மகளுக்கு ஜே.ஆர்.எஃப். வரவில்லை, உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் கிடைத்திருக்கிறது. அவள் திருப்பதிப் பக்கம் பார்க்கிறாள். அவளுக்கும் இதே கணக்குதானா?

வாளையார் காற்று (பதில்)

வாழ்த்துகள் தம்பி. முதலில் பணக் கணக்கு.

அடிப்படைத் தொகை எங்கே சேர்ந்தாலும் ஒன்றுதான். 2023 ஜனவரி 1-லிருந்து, முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் ரூ.37,000, எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆன பிறகு மூன்று ஆண்டுக்கு ரூ.42,000. ஐந்து ஆண்டும் முழுதாக வாங்கினால் மொத்தம் 24 லட்சம். ஊர் பார்த்து மாறுவது வீட்டு வாடகைப்படி மட்டும்.

மத்திய அரசு ஊர்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. எக்ஸ் வகையில் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற எட்டு நகரங்கள். ஒய் வகையில் நம் பக்கம் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், மதுரை, திருச்சி. கேரளத்தில் திருவனந்தபுரம், கொல்லம், கொச்சி, திருச்சூர், மலப்புரம், கோழிக்கோடு, கண்ணூர். ஆந்திரத்தில் நெல்லூர், விஜயவாடா, குண்டூர், விசாகப்பட்டினம். மற்றதெல்லாம் இசட். பாலக்காடும் திருப்பதியும் இசட்தான். அகவிலைப்படி 50% தொட்ட 2024 ஜனவரியிலிருந்து மத்திய அரசு வீதம் இதே வகை வரிசையில் 30%, 20%, 10%. அதற்கு முன் 27, 18, 9. உங்கள் விருதுக் கடிதத்துக்கு எந்த வீதத்தில் பில் போடுகிறார்கள் என்று கணக்குப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

புதிய வீதப்படி ஜே.ஆர்.எஃப். காலத்தில் சென்னையில் மாதம் ரூ.11,100, கோவையில் ரூ.7,400, பாலக்காட்டில் ரூ.3,700. ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தால் 7.2 லட்சம், 4.8 லட்சம், 2.4 லட்சம். சென்னைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே 4.8 லட்சம் என்று பார்த்தால் பெரிதாகத் தெரியும். ஆனால் விடுதியில் இருப்பவருக்கு இந்தப் படி கிடையாது. யூ.ஜி.சி. விதியில் விடுதிக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். மெஸ், மின்சாரம், தண்ணீர்க் கட்டணம் அதில் சேராது. நிறுவனம் விடுதி இடம் தந்தும் வேண்டாம் என்று வெளியே தங்கினால் படி உரிமையே போய்விடும். வீட்டிலிருந்தே கஞ்சிக்கோட்டுக்குப் போய்வரும் எண்ணம் இருந்தால், "விடுதி இடம் இல்லை" என்ற சான்று கிடைக்குமா என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள்.

சென்னையில் வெளியே தங்குகிறவர் அந்த 11,100-ஐ வாடகைக்கே கொடுத்துவிடுவார், மிச்சம் பிடிக்க வழியில்லை. விடுதியில் தங்குகிறவருக்கு மூன்று ஊரிலும் கையிருப்பு ஏறக்குறைய ஒன்றுதான். பணத்துக்காக மட்டும் சென்னையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

நிறுவனத்தின் பெயரில் ஊர் இருப்பதாலேயே வளாகம் அந்த ஊருக்குள் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஐசர் (மத்திய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனம்) திருவனந்தபுரம் இருப்பது நகரிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளி விதுராவில். நகர எல்லைக்கு வெளியே உள்ள வளாகம் என்றால் எந்த வகையில் படி தருகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஆய்வக மேசை (பதில்)

மேலே சொன்னது சரி. ஆனால் வேதியியல்காரர் வாடகைப்படியைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது கருவிகளைப் பற்றி.

சி.எஸ்.ஐ.ஆர். ஃபெலோவுக்கு ஆண்டுச் செலவுநிதி ரூ.20,000. யூ.ஜி.சி. வழி என்றால் அறிவியலுக்கு முதல் இரண்டு ஆண்டு ரூ.12,000, பிறகு ரூ.25,000. கூட்டுத் தேர்வு என்பதால் உங்களுக்குப் பணம் தருவது இந்த இரண்டில் யார் என்பது விருதுக் கடிதத்தில்தான் இருக்கும், அதை முதலில் பாருங்கள். கரைப்பான், கண்ணாடிச் சாமான், மாதிரி அனுப்பும் கூரியர், என்.எம்.ஆர். (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் சோதனை) கட்டணம் எல்லாம் இந்தத் தொகையில்தான் என்றால் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். வழிகாட்டியிடம் ஓடிக்கொண்டிருக்கும் திட்டநிதி இருக்கிறதா என்பது இதனால்தான் முக்கியம்.

வளாகத்திலேயே என்.எம்.ஆர்., மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், ஒற்றைப் படிக எக்ஸ்-கதிர்க் கருவி இருந்தால் காலையில் மாதிரி கொடுத்துவிட்டு மாலையில் அடுத்த வினையைத் திட்டமிடலாம். இல்லையென்றால் சென்னை ஐ.ஐ.டி.யின் சைஃப் என்ற பொதுக் கருவி மையத்துக்கோ, கொச்சிப் பல்கலை வளாகத்தில் உள்ள எஸ்.டி.ஐ.சி. மையத்துக்கோ அனுப்பி வரிசையில் நிற்க வேண்டும். காற்றிலோ ஈரத்திலோ கெடும் சேர்மம் என்றால் போகும் வழியிலேயே பாழாகும். வரும் ஸ்பெக்ட்ரத்தில் உங்கள் பொருளுக்குப் பதில் அதன் சிதைவைப் பார்ப்பீர்கள். ஒரு கட்டுரைக்கான தரவு இப்படித்தான் மாதக் கணக்கில் தள்ளிப்போகிறது. ஐந்தாம் ஆண்டு முடிந்து உதவித்தொகை நின்ற பிறகும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவரின் இழப்பு, சென்னை வாடகைப்படியைவிடப் பெரிது. ஐ-ஸ்டெம் தளத்தில் எந்தக் கருவி எந்த ஊரில் பொதுப் பயன்பாட்டுக்கு இருக்கிறது என்று தேடலாம்.

பணம் வரும் வழியையும் பாருங்கள். யூ.ஜி.சி. ஃபெலோஷிப் என்றால் பல்கலையில் 'மேக்கர்' என்ற ஊழியர் பதிவு செய்து, 'செக்கர்' என்ற இன்னொருவர் ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் ஆதார் இணைத்த கணக்குக்கு வரும். அந்த இருக்கையில் ஆள் மாறினாலோ, மாத உறுதிப்படுத்தல் விடுபட்டாலோ அந்த மாதம் வராது. பிறகு நிலுவையாகத்தான் வாங்க வேண்டும். எஸ்.ஆர்.எஃப். உயர்வும் தானாக நடக்காது. இரண்டு ஆண்டு முடியும் முன்பே வெளி நிபுணர் உள்ள குழுவுக்குத் தேதி கேட்டு, அறிக்கை தயாராக வைத்திருக்க வேண்டும். குழு நான்கு மாதம் தள்ளிக் கூடினால், நிலுவை வரும்வரை மாதம் 5,000-மும் அதற்கான படியும் கைக்கு வராது. எந்த நிறுவனம் இதில் ஒழுங்கு என்பதை அங்கே மூன்றாம் ஆண்டில் இருப்பவரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

களியக்காவிளை (பதில்)

வேலை பற்றிச் சொல்கிறேன். எல்லைப் பக்கத்து ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

நெட் நாடு முழுக்கச் செல்லும், அதனால் உங்களுக்குத் தகுதிப் பிரச்சினை இல்லை. மாநிலத் தகுதித் தேர்வான செட் அப்படியில்லை. தமிழ்நாடு செட் தமிழ்நாட்டுக்குள், ஆந்திர செட் ஆந்திரத்துக்குள். கேரளத்தில் 'செட்' என்ற பெயரில் எல்.பி.எஸ். மையம் நடத்துவது மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கானது. அதை வைத்துக்கொண்டு கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது. பெயரைப் பார்த்து ஏமாந்து தேர்வு எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது இடஒதுக்கீடு. பிஎச்.டி.யை கோவையிலோ சென்னையிலோ முடித்தாலும், சாதிச் சான்று கேரளத்தது என்றால் தமிழ்நாட்டு அரசுப் பணியில் உங்களைப் பொதுப் பிரிவில்தான் எடுப்பார்கள். படித்த இடம் அதை மாற்றாது. மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி. சலுகைக்குக் கேரளத்துக்கான மத்தியப் பட்டியலில் உங்கள் பிரிவு இருக்க வேண்டும், சான்றும் மத்திய வடிவத்தில் வேண்டும். மாநில வடிவச் சான்றைக் கொடுத்து நிராகரிக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது.

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம், கேரள அரசுக் கல்லூரிக்குக் கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்). இரண்டு மாநிலத்திலும் உதவி பெறும் கல்லூரிகளில் நிர்வாகமே தேர்ந்தெடுக்கும். 2021 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பிறகு தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். தமிழ் வழியில் படித்த பாலக்காட்டுப் பிள்ளைகளுக்கு அது தடையாக இருக்காது. கேரளத்தில் வேலை என்றால் மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது, ஆய்வுக் காலத்திலேயே பழகிக்கொள்ளுங்கள்.

கம்பெனி என்றால் கணக்கு வேறு. செயற்கைக் கரிம வேதியியல் படித்தவரை எடுக்கும் மருந்து ஆய்வு நிறுவனங்கள் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும்தான் குவிந்திருக்கின்றன. அவர்கள் பார்ப்பது உங்கள் கையில் உள்ள நுட்பம், கட்டுரைகள், வழிகாட்டியின் பெயர். பிஎச்.டி. சென்னையில் முடித்ததா கஞ்சிக்கோட்டில் முடித்ததா என்பது அதற்குப் பின்னால்தான்.

ஏர்ப்பேடு சாலை (பதில்)

சித்தி மகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாதுங்க. ஜே.ஆர்.எஃப். இருப்பவருக்கு இடம் மாறினால் சில ஆயிரம்தான் மாறும். இல்லாதவருக்கு மொத்தத் தொகையும் நிறுவனத்தைப் பொறுத்தது.

ஐ.ஐ.டி. திருப்பதி, ஐசர் திருப்பதி இரண்டும் ஏர்ப்பேட்டில் இருக்கின்றன. ஐ.ஐ.டி.க்களில் நிறுவன உதவித்தொகையோடு சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு அதே 37,000 அளவுதான், பதிலுக்கு வாரம் 8 மணி நேரம் ஆசிரிய உதவிப் பணி. மத்தியப் பல்கலையில் நெட் அல்லாதோர் உதவித்தொகை என்றால் மாதம் ரூ.8,000. மாநிலப் பல்கலையில் ஒன்றுமே இல்லாமல் கட்டணம் கட்டிப் படிக்க வேண்டியும் வரலாம். ஒரே ஊரில் இரண்டு வாசல் தள்ளி 37,000-மும் பூஜ்யமும் இருக்கும்.

பேராசிரியர் ஒருவரின் ஆய்வுத் திட்டத்தில் ஜே.ஆர்.எஃப். என்ற பெயரில் பணியிடம் கிடைத்தால் திட்டம் தொடங்கிய தேதியைக் கேட்கச் சொல்லுங்கள். மூன்று ஆண்டுத் திட்டத்தில் ஓர் ஆண்டு கழிந்து சேர்ந்தால் இரண்டு ஆண்டுக்குத்தான் பணம், பிஎச்.டி. அதற்குள் முடியாது.

2024 ஜூன் தேர்வு முதல் நெட் முடிவு மூன்று பிரிவாக வருகிறது. அவளுடையது இரண்டாம் பிரிவு: உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கையும். சேர்க்கைக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70%, நேர்காணலுக்கு 30%. ஆனால் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓர் ஆண்டுதான் செல்லும். பேராசிரியர் தகுதி காலாவதி ஆகாது. பிஎச்.டி.க்கு மட்டும் என்ற மூன்றாம் பிரிவில் வந்தவருக்குக் கற்பிக்கும் தகுதி கிடையாது.

சித்தூர் தாலுக்கா

ரொம்ப நன்றிங்க எல்லோருக்கும். கடிதத்தைப் பார்த்தேன், சி.எஸ்.ஐ.ஆர். என்றுதான் போட்டிருக்கிறது. கஞ்சிக்கோட்டுக்கும் கோவைக்கும் இந்த வாரம் நேரில் போகலாம் என்றிருக்கிறேன். என்னென்ன கேட்கட்டும்?

ஆய்வக மேசை

வழிகாட்டியிடம்: இப்போது எத்தனை பேர், இடம் காலியா? பல்கலைகளில் யூ.ஜி.சி.யின் 2022 விதிப்படி உதவிப் பேராசிரியர் 4, இணைப் பேராசிரியர் 6, பேராசிரியர் 8 பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம். திட்டநிதி எந்த ஆண்டுவரை, ஓய்வுக்கு எத்தனை ஆண்டு இருக்கிறது என்பதையும் கேளுங்கள். அவரிடம் கடைசியாக முடித்த மூன்று பேர் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.

மாணவர்களிடம்: உதவித்தொகை கடைசியாக எந்த மாதம்வரை வந்திருக்கிறது, எஸ்.ஆர்.எஃப். குழு எவ்வளவு தாமதமாகக் கூடியது, என்.எம்.ஆர். முடிவு வர எத்தனை நாள்.

அலுவலகத்தில்: வாடகைப்படி வீதம், விடுதி இடம், சேரும் அறிக்கையை சி.எஸ்.ஐ.ஆர்.க்கு யார் அனுப்புவார்கள். விருதுக் கடிதத்தில் சேர வேண்டிய கடைசித் தேதி இருக்கும். சில பல்கலைகளில் ஆண்டுக்கு இரண்டு முறைதான் சேர்க்கை என்பதால், அந்தத் தேதிக்கு முன் எந்தச் சேர்க்கை வருகிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள்.