ஸ்லோ நிற்காத பழைய ஸ்போர்ட்ஸ் கார்: நம் ஊர்க்காரர்கள் அனுபவம்

வைகைக்கரை

சான் ஸ்டார்ம் வைத்திருப்பவர்கள் மதுரைப் பக்கம் அரிது. அதனால் என் வண்டியில் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன். இரண்டு பேர் உட்காரும் சின்ன வண்டி, ஃபைபர் பாடி, உள்ளே இருப்பது ரெனோவின் 1149 சிசி டி7எஃப் இன்ஜின். ரிங் ரோட்டில் விட்டால் அருமையாகப் போகும். சிக்னலில் நின்றால்தான் தொல்லை: ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜின் மெதுவாக ஓடும் அந்த 'ஸ்லோ' சீராக நிற்காது. கோரிப்பாளையத்தில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் சீட்டும் நடுங்கும், ஆர்.பி.எம் முள் ஏறி ஏறி இறங்கும், சில நேரம் வண்டி அணைந்தே போகும். பின்னால் டவுன்பஸ்காரர் ஹாரனை விடமாட்டார்.

முதலில் காட்டிய பட்டறையில் ப்ளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் பம்ப் என்று வரிசையாக மாற்றினார்கள். செலவு ஏறியது, நடுக்கம் அப்படியே இருந்தது.

அப்புறம் தெற்குவாசல் பக்கம் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. "தம்பி, துடிச்சுத் துடிச்சு ஆஃப் ஆகுதா, சாவியத் திருப்புன மாதிரி பட்டுன்னு நிக்குதா?" என்றுதான் முதலில் கேட்டார். யோசித்துப் பார்த்தால் இரண்டும் நடந்திருக்கிறது. சிக்னலில் துடித்து அணையும். மத்தியான வெயிலில் நெடுநேரம் ஓட்டிவிட்டு வந்தால் பட்டென்று நிற்கும், அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். "அப்ப ரெண்டு கோளாறு. ஒண்ணா நெனச்சு தேடுனா கிடைக்காது" என்றார். எனக்கு இதுதான் பெரிய பாடம்.

முதல் கோளாறு எர்த். சாதாரண காரில் பாடி இரும்பு, அதனால் பாடியே நெகட்டிவ் ஒயர் வேலையைப் பார்த்துவிடும். ஃபைபர் பாடியில் அது நடக்காது. ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன், பம்ப் எல்லாவற்றுக்கும் திரும்பி வர ஒயர் வேண்டும், அந்த ஒயர்கள் சேரும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும். என் வண்டியில் அந்த போல்ட் பச்சை பிடித்துக் கிடந்தது. ஃபேன் ஓட ஆரம்பித்ததும் அதன் கரண்ட் அந்த அழுக்கு வழியாகத் திரும்ப வழியில்லாமல் எர்த்தின் வோல்டேஜையே தூக்கிவிடும். சென்சார்கள் சொல்லும் அளவு பிசகும், பம்புக்கும் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டருக்கும் போகும் வோல்டேஜ் குறையும். ஃபேன் சிக்னலில் நிற்கும்போதுதான் அதிகம் ஓடும் என்பதால் நடுக்கமும் அங்கேதான் வந்தது.

அவர் கண்டுபிடித்த விதம் எளிது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்வில் வைத்தார், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில். ஃபேனையும் ஹெட்லைட்டையும் போட்டுவிட்டுப் பார்த்தார். நல்ல எர்த்தில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், 0.2 வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்படலாம். என்னுடையது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. போல்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இன்ஜினிலிருந்து பேட்டரிக்குத் தடியான புது ஒயர் ஒன்று இழுத்தார். இன்ஜினுக்குள் காற்று போகும் த்ராட்டில் பாடியையும், ஸ்லோவில் காற்றை அளந்துவிடும் ஐடில் கன்ட்ரோல் வால்வையும் கரி போகக் கழுவினார். அன்றைக்கே ஸ்லோ சீராகிவிட்டது.

பட்டென்று நிற்பது வேறு கதை. அது இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். ஃப்ளைவீல் பக்கத்தில், கியர்பாக்ஸ் கூட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அதற்குள் இருக்கும் காயில் சூட்டில் விரிந்து இணைப்பு விட்டுப்போனால் கம்ப்யூட்டருக்கு இன்ஜின் சுற்றுகிறதா என்றே தெரியாது. ஸ்பார்க்கும் பெட்ரோலும் ஒரே நொடியில் நின்றுவிடும். சூட்டோடு காயிலின் ஓம்ஸ், அதாவது மின்தடை, அளந்தபோது மீட்டரில் ஒன்றும் வரவில்லை, ஆறியதும் வந்தது. இந்த மாதிரிக் கோளாறை வண்டி நின்றிருக்கும் அந்த நேரத்திலேயே அளக்க வேண்டும், மறுநாள் காலையில் பட்டறையில் அளந்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

பழைய எஸ்டீம், ஆரப்பாளையம்

அண்ணே, துடித்து அணைகிறதா, பட்டென்று நிற்கிறதா என்று பெரியவர் கேட்ட கேள்வி அருமை. என்னுடையது ரேலி ஆசையில் தயார் செய்த மாருதி எஸ்டீம் எம்பிஎஃப்ஐ, கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்தது. ஸ்லோவில் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும், ப்ளக்கைக் கழற்றினால் நாலும் கரியாக இருக்கும். இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்று சொல்லி மாற்றச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து, அதன் வேக்குவத்தை அளக்கும் மேப் சென்சாருக்குப் போகும் விரல் நீள ரப்பர் ஹோஸில் வெடிப்பு. அந்த ஹோஸில் வெளிக்காற்று புகுந்ததும் வேக்குவம் குறைவு என்று சென்சார் சொல்லும். கம்ப்யூட்டர் நாம் ஆக்சிலரேட்டரை மிதிப்பதாக நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும். ஓட்டத்தில் அவ்வளவாகத் தெரியாது, ஸ்லோவில்தான் மூச்சு முட்டும். நம் ஊர் வெயிலுக்கு இந்த ரப்பரெல்லாம் கல் மாதிரி இறுகிவிடுகிறது. ப்ளக் நிறத்தைப் பார்க்காமல் யாரும் எதையும் மாற்றாதீர்கள்.

ஹெரால்டு, திருமங்கலம்

என்னுடையது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. நம் சென்னையில் செய்த வண்டிதான், ஆனால் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் இருக்கும் சேஸிஸும் ஹெரால்டு சேஸிஸிலிருந்து வந்ததே. இதில் கம்ப்யூட்டர் கிடையாது, ஆனாலும் தம்பி சொன்ன கேள்வி இதற்கும் பொருந்தும். சூடானதும் மிஸ்ஸிங் அடித்து நின்றால் நான் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறப்பேன். காயில் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்டில் தீப்பொறி பெரிதாகத் தெறித்தால் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம். பாயிண்ட் இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இருக்க வேண்டும். அதெல்லாம் சரியாக இருந்தும் ஸ்லோ சீராக நிற்காமல், சோக் இழுத்துப் பெட்ரோலைக் கூட்டினால் மட்டும் சீரானால், கார்புரேட்டரில் ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் சின்ன ஓட்டையான ஸ்லோ ஜெட் அடைத்திருக்கும், இல்லையென்றால் அடி கேஸ்கட்டில் காற்று இழுக்கும்.

எல்லோருக்கும் இன்னொன்று. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட் அளவுக்குக் கலவை கொஞ்சம் மெலிந்துபோகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாது. நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு அது பெரிதில்லை, ஏற்கெனவே எங்காவது காற்று இழுக்கும் வண்டி அதோடு சேர்ந்து படுத்துவிடும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்கின் அடியில் தண்ணீர் பிரியவும் கூடும். பழைய ரப்பர் ஹோஸையும் அது அரிக்கும்.

வைகைக்கரை

பெரியப்பா, ஹோஸ் சொன்னது நல்லதாயிற்று, இந்த வாரமே மாற்றிவிடுகிறேன். சென்சார் எங்கே கிடைத்தது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: ஸ்டார்ம் என்று கேட்டால் கடையில் விழிப்பார்கள். இதே டி7எஃப் இன்ஜின் வெளிநாட்டு ரெனோ ட்விங்கோ, கிளியோ வண்டிகளிலும் வந்திருக்கிறது. இன்ஜின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துப்போய் சாக்கெட்டை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.