எலி இனங்காண டிஎன்ஏ பார்கோடிங்: சீக்குவன்ஸ் எல்லாவற்றிலும் ஸ்டாப் கோடான், சிலவற்றில் இரட்டைப் பீக்

கேள்வி:
வணக்கம். தஞ்சைப் பகுதி நெல் வயல்களில் பிடித்த 24 எலிகளின் காது நுனியை 70% எத்தனாலில் வைத்து, கிட் மூலம் டிஎன்ஏ எடுத்தோம். ஃபோல்மர் பிரைமரால் (பிசிஆரில் பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ ஜோடி) மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவில் 658 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) துண்டைப் பெருக்கினோம், அனீலிங் (பிரைமர் ஒட்டும் வெப்பநிலை) 48 °செ. ஜெல்லில் எல்லாவற்றுக்கும் ஒரே பேண்ட். ஆனால் 9 மாதிரிகளில் இரட்டைப் பீக் (ஒரே இடத்தில் இரண்டு எழுத்துகளின் சிகரம்). மீதி 15 சுத்தமாகத் தெரிந்தாலும் அமினோ அமில வரிசைக்கு மாற்றினால் ஒவ்வொன்றிலும் நாலைந்து ஸ்டாப் கோடான் (புரதத்தை அங்கேயே நிறுத்தும் மூன்றெழுத்துக் குறி). அவற்றில் 3, பிளாஸ்ட் தேடலில் (தரவுத்தளத்தோடு ஒப்பிடும் கருவி), ராட்டஸ் ராட்டஸ், ராட்டஸ் டனெசுமி இரண்டோடும் 99% பொருந்துகின்றன. வந்ததெல்லாம் நம்ட்தானா (உட்கரு டிஎன்ஏவுக்குள் போய்ச் சேர்ந்த மைட்டோகாண்ட்ரியா மரபணு நகல்)? முழுவதையும் மறுபடி செய்ய வேண்டுமா?

பதில் 1:
15-லும் ஸ்டாப் என்பதே துப்பு. நம்ட் அப்படி எல்லா மாதிரியிலும் ஒரே சீராக வராது. மென்பொருளில் பொது மரபுக் குறியீடு தேர்வாகியிருக்கும். முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியா குறியீட்டுக்கு, அதாவது அட்டவணை 2-க்கு, மாற்றுங்கள். அதில் டிஜிஏ டிரிப்டோஃபானைக் குறிக்கும், டிஏஏ, டிஏஜியோடு ஏஜிஏவும் ஏஜிஜியும் ஸ்டாப். மூன்று ரீடிங் ஃபிரேமிலும் (மும்மூன்று எழுத்தாகப் படிக்கத் தொடங்கும் இடம்) ஓட்டுங்கள். பிரைமர் பகுதியை வெட்டிய 658 பேஸ் துண்டுக்குப் பெரும்பாலும் இரண்டாவது ஃபிரேம் சரியாக வரும். அப்படியும் ஸ்டாப் நின்றாலோ, நடுவில் ஓரிரு பேஸ் கூடியோ குறைந்தோ இருந்தாலோ அது நம்ட்.

அந்த 9-ல் பீக் எங்கே இரட்டிக்கிறது என்று பாருங்கள். பாதிவரை சுத்தமாக வந்து பிறகு குழம்பினால், ஒரு பிரதியில் பேஸ் விடுபட்டிருக்கிறது. நம்ட் சேர்ந்து பெருகியதன் அடையாளம். தொடக்கம் முதல் ஆங்காங்கே இரட்டித்தால் நம்ட்டாகவும் இருக்கலாம், கத்தரிக்கோல் வழியாக இன்னொரு எலியின் திசு ஒட்டியதாகவும் இருக்கலாம். டிஎன்ஏ எடுக்கும் கட்டத்திலேயே ஒரு வெற்றுக் குழாயைக் கூடவே ஓட்டினால் அந்தக் கட்டத்தில் புகும் கலப்படம் பிடிபடும். நம்ட் அதே நீளத்தில் இருந்தால் ஜெல்லில் பேண்டை வெட்டி எடுத்தும் பலனில்லை.

ஃபோல்மர் பிரைமர் முதுகெலும்பற்ற உயிர்களுக்காக 1994-இல் உருவானது. எலியில் முழுதாக ஒட்டாது, 48 °செ. வைத்தால் நம்ட்டுக்கு வாசல் திறந்தாற்போல. ராட்டஸ் ஆய்வுகளில் பயன்பட்ட பேட்எல்5310, ஆர்6036ஆர் பிரைமர் ஜோடியைப் போட்டு, 50-லிருந்து 58 °செ. வரை கிரேடியன்ட் (படிப்படியாக வெப்பநிலை மாற்றி) ஓட்டி, பேண்ட் தெளிவாக வரும் மிக உயர்ந்த வெப்பநிலையில் நிறுத்துங்கள். டிஎன்ஏவை 10, 50, 100 மடங்கு நீர்த்தும் பாருங்கள். ஒரு செல்லில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நூற்றுக்கணக்கான பிரதிகள் இருக்கும், நம்ட் ஒன்றிரண்டுதான். நீர்த்தால் அது பின்தங்கும். கல்லீரலோ தசையோ இருந்தால் காதை விட்டுவிடுங்கள். இனி திசுவை 95% எத்தனாலில் போடுங்கள், ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். கிட்டில் கடைசிக் கழுவலுக்குப் பின் காலிக் குழாயில் 2 நிமிடம் சுழற்றுங்கள். மிஞ்சிய எத்தனால் பிசிஆரைக் கெடுக்கும்.

பதில் 2:
இரண்டு இனத்தோடும் பொருந்திய அந்த மூன்றைப் பற்றி. கருப்பெலிக் கூட்டத்தில் இந்திய வகைக்கு (ராட்டஸ் ராட்டஸ்) 38 குரோமோசோம், தென்கிழக்கு ஆசிய வகைக்கு (ராட்டஸ் டனெசுமி) 42. ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் இரண்டின் பெயர்களும் மாறி மாறி ஒட்டப்பட்டிருக்கின்றன, ஆகவே முதல் பொருத்தத்தின் பெயரை நம்பாதீர்கள். அருங்காட்சியக மாதிரி எண் உள்ள சீக்குவன்ஸ்களை மட்டும் எடுத்து மரம் வரைந்து, உங்களுடையது எந்தக் கிளையில் விழுகிறது என்று பாருங்கள். சைட்டோகுரோம் பி என்ற இன்னொரு மைட்டோகாண்ட்ரியா மரபணு முழுவதையும், சுமார் 1,140 பேஸ், எடுத்தால் ஒப்பிடக் கூடுதல் தரவு கிடைக்கும். மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டும் வருவதால் கலப்பின எலி இதில் தெரியாது. ஐஆர்பிபி போன்ற உட்கரு மரபணு ஒன்றாவது வேண்டும். மண்டை ஓடும் தோலும் பாதுகாக்கப்படாவிட்டால் பின்னால் யாரும் சரிபார்க்க முடியாது. சுண்டெலி வகையில் மஸ் பூடுகா, மஸ் டெரிகலர் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், அங்கேதான் பார்கோடு உண்மையில் கைகொடுக்கும்.

கேள்வி கேட்டவர்:
அட்டவணை 2-இல் 14 சுத்தம். ஒன்றில் மட்டும் நடுவில் டிஏஏ நிற்கிறது.

பதில் 1:
முதலில் குரோமடோகிராமில் (சீக்குவன்ஸின் பீக் வரைபடம்) அந்த இடத்தின் பீக்கைப் பாருங்கள், வாசிப்புப் பிழையாக இருக்கலாம். இரு திசையிலும் டிஏஏ உறுதியானால் அது நம்ட். ஜென்பேங்கில் ஏற்றாதீர்கள். அந்த எலியின் வேறு திசுவிலிருந்து புதிய பிரைமரோடு மறுபடி எடுங்கள், இரட்டைப் பீக் வந்த 9-ஐயும் அதே ஓட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.