தொழில்நுட்பக் கட்டுரைகளில் எழுதிய தேதி தெரிய வேண்டுமா?

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி) கேட்டது:

வணக்கம். நானும் இரண்டு நண்பர்களும் கிருஷ்ணகிரியில் இருந்தபடி லினக்ஸ் இயங்குதளம், பைத்தான் நிரல்மொழி, தரவுத்தளம் ஆகியவற்றைப் பற்றிச் சில ஆண்டுகளாகத் தமிழில் எழுதி இணையத்தில் வைத்து வருகிறோம். கட்டுரைகள் நூறைத் தாண்டிவிட்டன. இப்போது பக்க வடிவமைப்பை மாற்றுகிறோம். அதில் எழுந்த ஒரு வழக்கு தீராமல் இழுத்துக்கொண்டே போவதால் இங்கே கேட்கிறேன். தலைப்பின் கீழ் எழுதிய தேதியைக் காட்ட வேண்டுமா, எடுத்துவிடலாமா?

எடுத்துவிடலாம் என்று சொல்லும் நண்பர் காரணம் இல்லாமல் சொல்லவில்லை. தரவுத்தள அட்டவணைகளை இணைப்பது குறித்து 2016இல் அவர் எழுதிய கட்டுரையில் இன்றைக்கும் ஒரு வரியைக்கூட மாற்றத் தேவையில்லை. ஆனால் ஆண்டைப் பார்த்த மாத்திரத்தில் ‘பழசு’ என்று வாசகர் திரும்பிப் போய்விடுகிறார் என்பது அவருடைய மனக்குறை.

நான் மறுபக்கம் நிற்பதற்குப் பட்ட பாடுதான் காரணம். ஓசூரில் ஒரு சிறு தொழிற்கூடத்தின் சர்வருக்கு ஐபி முகவரியை வீட்டில் இருந்தபடியே மாற்ற வேண்டியிருந்தது. சர்வரில் இருந்தது லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 22.04 பதிப்பு. தேடியதும் முதலில் வந்த கட்டுரை படங்களோடு தெளிவாக எழுதப்பட்டிருந்தது; தேதி மட்டும் எங்கும் இல்லை. ‘இன்டர்ஃபேசஸ்’ என்ற கோப்பில் புதிய முகவரியை எழுதச் சொன்னது. அந்தக் கோப்பே சர்வரில் இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கோப்பை நானே உருவாக்கி, ரூட்டரிலும் முகவரி வரிசையை மாற்றி, இரண்டையும் மறுதொடக்கம் செய்தேன். ரூட்டர் புதிய முகவரியோடு எழுந்தது, சர்வர் பழைய முகவரியிலேயே எழுந்தது, இரண்டுக்கும் பேச்சு நின்றுபோனது. இரவு ஒன்பது மணிக்குச் சூளகிரி வழியாக ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப்போய், சர்வரில் நேரடியாகக் கீபோர்டைச் செருகிய பிறகுதான் விளங்கியது: உபுண்டு 17.10 முதல் இந்த வேலையை நெட்பிளான் என்ற வேறொன்று பார்த்துக்கொள்கிறது. கட்டுரையின் தலையில் ‘2015’ என்று இருந்திருந்தால், செய்வதற்கு முன் இன்னொரு முறை தேடியிருப்பேன். உங்கள் கருத்து என்ன?

இரவுப்பணி (ஓசூர்):

தேதியைவிட, எந்தப் பதிப்பில் செய்துபார்த்தது என்ற குறிப்புதான் முக்கியம் என்று பலர் சொல்வார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் எழுதுபவருக்கு எழுதும் நாளில் தெரிந்த பதிப்பு பெரும்பாலும் ஒன்றுதான். அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதே இல்லை. பைத்தான் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். அதற்கு முன் எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘பைத்தான்’ என்று மட்டுமே எழுதியிருப்பார்கள். ‘இரண்டு’ என்று சொல்ல அன்றைக்கு என்ன தேவை? அந்தக் கட்டுரையைப் பார்த்து, பைத்தான் 3இல் கட்டாயமான அடைப்புக்குறியைப் போடாமல் பிரிண்ட் கட்டளையை எழுதிவிட்டு, ஏன் பிழை வருகிறது என்று விழிக்கும் மாணவர்களைப் பயிற்சி வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்ததைத் தெரிந்தவர்கூட, எதிரில் இருக்கும் கட்டுரை அதற்கு முந்தியதா பிந்தியதா என்பதைத் தேதி இல்லாமல் எப்படிக் கண்டுகொள்வார்? ஆசிரியருக்குச் சொல்லத் தோன்றாததையும் தேதி சொல்லிவிடுகிறது.

பாதுகாப்பு தொடர்பான கட்டுரைகளில் இதற்கு மறுபேச்சே கிடையாது. ஒரு கோப்பின் உள்ளடக்கத்தில் இருந்து கைரேகை போன்ற ஒரு குறியீட்டைக் கணக்கிடும் எஸ்ஹெச்ஏ-1 முறையில், ஒரே கைரேகை கொண்ட இரண்டு வெவ்வேறு கோப்புகளை 2017 பிப்ரவரியில் உருவாக்கியே காட்டிவிட்டார்கள். ‘கையொப்பத்துக்கு எஸ்ஹெச்ஏ-1 போதும்’ என்று தேதி இல்லாமல் இன்றும் கிடக்கும் ஒரு வரி, படிப்பவரை நேராகக் குழியில் இறக்கும்.

வெண்ணாம்பட்டி நிரலர் (தருமபுரி):

தேதி வேண்டாம் என்பவர்களோடு எனக்கும் கொஞ்சம் ஒத்துப்போகிறது. தேதியைக் காட்டும் பக்கங்கள் எல்லாம் உண்மையான தேதியைக் காட்டுவதில்லை. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலே ‘புதுப்பிக்கப்பட்டது’ என்ற இடத்தில் இன்றைய நாளைத் தானாகப் போட்டுவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன. தேடுபொறியில் மேலே வர வேண்டும் என்பதற்காக, உள்ளே ஒரு சொல்லையும் தொடாமல் தலைப்பில் ஆண்டை மட்டும் மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். தேதியே இல்லாத கட்டுரையை வாசகர் கொஞ்சம் ஐயத்தோடாவது படிப்பார். பொய்த் தேதி அந்த ஐயத்தையும் போக்கிவிடும். ஆகவே காட்டுவதென்றால், எழுதிய நாள் ஒருபோதும் மாறக்கூடாது. யாராவது உட்கார்ந்து கட்டளைகளை மறுபடி ஓட்டிப்பார்த்தால் மட்டும் ‘சரிபார்த்த நாள்’ என்று இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். உங்கள் நண்பரின் 2016ஆம் ஆண்டுக் கட்டுரைக்கும் இதுவே மருந்து. அதன் கீழே இந்த ஆண்டில் சரிபார்த்த நாள் ஒன்று இருந்தால், ‘பழசு’ என்று யார் சொல்லப்போகிறார்கள்?

காவேரிப்பட்டணம்:

கணினி எனக்குத் தொழில் அல்ல. சொந்தமாக மாந்தோப்பு இருப்பதால் சொல்கிறேன். பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்கு என்ன அடிக்கலாம் என்று தேடியபோது, எண்டோசல்பானை இத்தனை மில்லி கலந்து தெளிக்கவும் என்று ஒரு கட்டுரை அளவோடு சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கு 2011 மே 13 அன்றே தடை விதித்துவிட்டது. கட்டுரை தடைக்கு முன் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும், எழுதியவர் மீது குறையில்லை. தேதியை எடுத்தவர் மீதுதான் குறை.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் (தருமபுரி):

தம்பிகளுக்கு வணக்கம். நம் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களை நேரம் கிடைக்கும்போது போய்ப் பாருங்கள். தொறு (கால்நடை மந்தை) மீட்கப்போய் இறந்தவனுக்கு நட்ட கல்லில்கூட, எழுத்து இருக்குமானால், இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு என்று தொடங்கிவிட்டுத்தான் அவன் பட்ட கதையைச் சொல்வது வழக்கம். ஆண்டு இல்லாத கல் கிடைத்தால், எழுத்தின் வடிவத்தைப் பார்த்து ஏறக்குறைய இன்ன நூற்றாண்டு என்று கணிக்க வேண்டும். அதில் ஐம்பது, நூறு ஆண்டுகள் முன்பின் ஆகும். தேதியில்லாத உங்கள் கட்டுரைகளிலும் கணினித் திரையின் படத்தில் தெரியும் பொத்தானின் வடிவத்தைப் பார்த்து வாசகர் காலத்தைக் கணித்துக்கொண்டிருக்கிறார் என்று என் பேரன் சொல்லித் தெரிந்துகொண்டேன். கல்லிலாவது நூறாண்டுப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இரவுப்பணி (ஓசூர்):

ஐயா சொன்னதோடு ஒன்று. இணையத்தின் விதிகளை எழுதி வைக்கும் ஆர்எஃப்சி ஆவணங்கள் 1969 முதல் இந்த ஒழுங்கில்தான் வருகின்றன. வெளியான ஆவணத்தில் மாதமும் ஆண்டும் இருக்கும், அதன் வாசகத்தைப் பிறகு யாரும் தொடுவதில்லை; மாற்றம் வேண்டுமென்றால் புதிய எண்ணில் புதிய ஆவணம், எதை நீக்குகிறது என்ற குறிப்போடு வரும். இணையப் பக்கங்களைக் கேட்டுப் பெறும் விதிமுறையான ஹெச்டிடிபி பற்றிய 2616ஆம் எண் ஆவணம் 1999 ஜூனில் வந்தது. 2014இல் அதன் இடத்துக்கு வேறு சில ஆவணங்கள் வந்தன, அவற்றின் இடத்துக்கு 2022இல் இன்னும் புதியவை. 2616ஐ யாரும் அழிக்கவில்லை. ‘நீக்கப்பட்டது’ என்ற குறிப்போடு இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி):

அனைவருக்கும் நன்றி. எழுதிய நாள் தலைப்பின் கீழ், சரிபார்த்த நாளும் பதிப்பு எண்ணும் அதற்கடுத்த வரியில் என்று முடிவு செய்திருக்கிறோம். மாதத்தை எழுத்திலேயே எழுதப்போகிறோம். 03/04/2019 என்று போட்டால் நமக்கு அது ஏப்ரல், அமெரிக்காவில் இருந்து படிப்பவருக்கு மார்ச். நண்பர் முழு மனதோடு ஒப்புக்கொள்ளவில்லை. தம் கட்டுரைக்குச் சரிபார்த்த நாளை எழுத்தளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு இறங்கி வந்திருக்கிறார்.

மிச்சமிருப்பது முதல் நாற்பது கட்டுரைகள். சர்வர் மாற்றியபோது அவற்றின் தேதிகள் தொலைந்துவிட்டன. கோப்புகளில் இருப்பது நகலெடுத்த நாள் மட்டுமே. இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒவ்வொன்றாகத் தேடி, முதலில் சேமிக்கப்பட்ட நாளை எடுத்து வருகிறேன். கட்டுரை அந்த நாளில் இருந்தது என்பதற்கு மேல் அதிலிருந்து எதுவும் தெரியாது என்பதால், ‘2014 ஆகஸ்டு அல்லது அதற்கு முன்’ என்ற மாதிரி எழுதுகிறேன். நேற்று இரவு வரை பதினேழு முடிந்தது. மீதியில் ஆறு அங்கேயும் இல்லை. அவற்றுக்கு ‘தேதி தெரியவில்லை’ என்றே போடலாமா, வேறு வழி யாருக்காவது தெரியுமா?