கார்ன்ஃப்ளார் டப்பா: அவரவர் அடுப்படி அனுபவம்

மாடிவீட்டு அடுப்பு:
சூப் கெட்டியாகணுமா, கோபி மொறுமொறுக்கணுமா, எதற்கெடுத்தாலும் கார்ன்ஃப்ளார்தான். ஆனால் கடையில் "சோள மாவு" என்று கேட்டால் பல இடங்களில் மஞ்சள் மக்காச்சோள மாவை நிறுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது தானியத்தை அப்படியே அரைத்தது. ரொட்டி தட்டலாம், சூப்பில் போட்டால் நாக்கில் மணல்மணலாக நெருடும். நமக்கு வேண்டியது வெள்ளை வெளேரென்ற ஸ்டார்ச் மட்டும். இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் கீச்சென்று சத்தம் வரும், அதுதான் அடையாளம்.

என் பங்குக்கு ஒன்று: தக்காளி சூப்பில் கரைசலை இறக்கப்போகும் நேரத்தில்தான் ஊற்றுவேன். புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் கெட்டிப்பட்டது மறுபடி நீர்த்துப்போகும். வினிகர் விடும் சூப்புக்கும் இதேதான். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

தட்டுக்கடை மாஸ்டர்:
அக்கா, கடையில எங்களுக்கு இந்த மாவு இல்லாம சாயங்காலம் அடுப்பே பத்தாது. கோபிக்கு மைதா மட்டும் போட்டா கொஞ்ச நேரத்துல மெத்துனு ஆயிடும். கார்ன்ஃப்ளார் மட்டும் போட்டா செவக்காது, வெளுப்பாவே நிக்கும், காயை விட்டு உதிரவும் செய்யும். அதனால ரெண்டும் சேரணும், கார்ன்ஃப்ளார் ஒரு கை கூட இருக்கணும். கரைச்சு வச்ச மாவு சும்மா இருந்தா அடியில போய் இறுகிக்கும். ஒவ்வொரு ஈட்டுக்கும் முன்னாடி அடிவரைக்கும் கையை விட்டுக் கலக்கணும். புதுசா வர்ற பசங்க மேலாப்புல முக்கிப் போட்டுட்டே போவாங்க. முதல் ஈடு மாவே ஒட்டாம வரும், கடைசி ஈடு மாவு மட்டும்தான் வரும்.

மஞ்சூரியன் குழம்புக்கு எப்பவும் பச்சத் தண்ணிலதான் கரைப்போம். சுடுதண்ணில போட்டா மேல்பக்கம் வெந்து மூடிக்கும், உள்ள மாவு மாவாவே கட்டி நிக்கும். ஊத்துனப்புறம் தளதளன்னு கொதி வந்து குழம்பு பளபளன்னு மாறணும். கலங்கலா இருக்கும்போதே இறக்குனா பச்சை மாவு வாசம் அடிக்கும். தட்டுல வந்ததும் மூக்குக்குத் தெரிஞ்சிடும், எவ்வளவு சோயா சாஸ் ஊத்தினாலும் மறைக்க முடியாது.

வேதியியல் டீச்சர்:
மாஸ்டர் கண்ணால் பார்ப்பதற்கு எண் சொல்லிவிடுகிறேன். மக்காச்சோள ஸ்டார்ச்சின் துகள்கள் 62 முதல் 72 டிகிரி செல்சியஸுக்குள் தண்ணீரைக் குடித்து உப்புகின்றன. முழுதாகக் கெட்டிப்பட 95 டிகிரியை ஒட்டிப் போக வேண்டும். அந்தக் கொதிக்குப் பிறகும் போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தால் உப்பிய துகள்கள் உடைந்து இளகிவிடும். முட்டை சேர்த்துச் செய்யும் கஸ்டர்டில் இன்னொரு சிக்கல் உண்டு. மஞ்சள் கருவில் இருக்கும் அமைலேஸ் நொதி ஸ்டார்ச்சை வெட்டும். கொதிக்கவிடாமல் இறக்கினால் ராத்திரி கெட்டியாக இருந்தது காலையில் பாலாகிக் கிடக்கும்.

கடையில் விற்கும் கஸ்டர்டு பவுடரும் கார்ன்ஃப்ளார்தான், நிறமும் வெனிலாவும் சேர்ந்தது. மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்டு 1837-இல் செய்த ஏற்பாடு அது.

பாளையங்கோட்டை மருமகள்:
தீபாவளிக்கு நான் கார்ன்ஃப்ளாரில் பம்பாய் அல்வா கிண்டுவேன். என் மாமியார் அதை அல்வாவாகவே ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் கணக்கில் சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, தெளியவிட்டு, மேல்தண்ணீரை இறுத்துவிட்டுக் கிண்டினால்தான் அல்வா. யோசித்தால் கார்ன்ஃப்ளாரும் அதே வழியில்தான் வருகிறது. ஊறவைத்து அரைத்துத் தெளியவைப்பதை நமக்குப் பதில் ஆலை செய்துவிடுகிறது. இதைச் சொன்னால் "அப்போ அந்த ஆலைக்காரனையே கிண்டச் சொல்லு" என்பார்.

ஒரு கப் மாவு, இரண்டரை கப் சர்க்கரை, மாவு கரைக்க மூன்று கப் தண்ணீர். மாவையும் சர்க்கரையையும் ஒன்றாகப் போட்டால் தண்ணீரைச் சர்க்கரை பிடித்துக்கொள்ளும், மாவு வேக நேரம் இழுக்கும். அதனால் சர்க்கரையைத் தனியே கொஞ்சம் தண்ணீரில் காய்ச்சி, நன்றாகக் கொதிக்கும்போது கரைசலை ஊற்றிக் கைவிடாமல் கிளறுவேன். முதலில் வெள்ளைக் கூழாகப் பயமுறுத்தும். அடுப்பைத் தணித்துக் கிண்டக் கிண்ட ஓரத்திலிருந்து கண்ணாடிபோல் தெளியும். சர்க்கரை பூக்காமலிருக்க ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. மாடிவீட்டு அக்கா சொன்ன புளிப்புப் பயம் இந்த அளவுக்கு வேண்டாம். நெய்யை ஸ்பூன் ஸ்பூனாக விட வேண்டும். உள்ளே போன நெய் திரும்ப ஓரத்தில் கசிந்து, அல்வா சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்தால் இறக்கலாம். இது கடித்து மெல்லும் அல்வா. திருநெல்வேலி அல்வா தொண்டையில் வழுக்கிப் போகும், அந்தப் பேச்சு இதற்கு ஆகாது. போன தீபாவளிக்கு மாமியார் ஒரு துண்டு வாயில் போட்டு மென்றுவிட்டு, "ரப்பர் நல்லா வந்திருக்கு" என்றார். இரண்டாவது துண்டையும் எடுத்தார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி அலாரம்:
எங்கள் வீட்டில் இந்த டப்பா சமையலுக்கு இல்லை. மகனுக்குக் கிளைக்கோஜன் சேமிப்பு நோய், வான் கியர்க்கே என்று சொல்லும் முதல் வகை. கல்லீரலில் சேர்த்துவைத்த சர்க்கரையை உடம்பால் இரத்தத்தில் விட முடியாது. சில மணி நேரம் சாப்பிடாவிட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கும். வேகாத கார்ன்ஃப்ளார் குடலில் மெதுவாகச் செரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரை கொடுக்கும். அமெரிக்க மருத்துவர்கள் 1984-இல் இதை வெளியிட்ட பிறகு உலகம் முழுக்க இதுவே வழக்கமாயிற்று. டாக்டர் எழுதிய கிராம் கணக்கில் தராசில் நிறுத்து, பச்சைத் தண்ணீரில் கலக்கி, நடு ராத்திரியிலும் எழுப்பிக் கொடுக்கிறோம்.

"புள்ளைக்குப் பச்சை மாவா, சூடான பாலிலாவது கலக்கக் கூடாதா?" என்று அம்மா கண்கலங்குவார். சூடு பட்டு வெந்துவிட்டால் சட்டென்று செரித்துத் தீர்ந்துபோகும், விடியும்வரை தாங்காது. நீங்கள் எல்லாம் வேகவில்லையே என்று கவலைப்படுகிறீர்கள், நாங்கள் வெந்துவிடுமோ என்று பார்க்கிறோம். இது டாக்டர் கண்காணிப்பில் நடப்பது. யாரும் படித்துவிட்டுச் சும்மா முயல வேண்டாம்.

மாடிவீட்டு அடுப்பு:
ராத்திரி அலாரம், இப்படி ஒரு பயன் இருப்பதே இன்றுதான் தெரிகிறது. தம்பி நன்றாக இருக்கட்டும். மாஸ்டர் தம்பி, ஒரு சந்தேகம். மிஞ்சிய மஞ்சூரியன் குழம்பை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் தண்ணீர் தனியாக நிற்கிறதே?

தட்டுக்கடை மாஸ்டர்:
அது கார்ன்ஃப்ளார் குணம் அக்கா, ஆற ஆற இறுகித் தண்ணியக் கக்கிடும். ஃப்ரீசர்ல வச்சா இன்னும் மோசம். கொதிக்கவச்சுக் கிளறினா ஓரளவு சேரும், அந்தப் பளபளப்பு வராது. எடுத்துவைக்கப் போறீங்கன்னா மரவள்ளி ஸ்டார்ச் போடுங்க, சேலத்துல ஜவ்வரிசி பண்றாங்களே அந்த மாவு. தண்ணி அவ்வளவா விடாது. கொஞ்சம் வழவழன்னு இருக்கும், பரவாயில்லைன்னா போடுங்க.