கல்கட்டு ஓரம் நெருக்கிப்போன எச்செவேரியா: இப்போதே பிரிக்கலாமா, மழை முடியட்டுமா?

கோத்தகிரி_வாசல்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு முன்னால் கல்கட்டு ஓரமாக மாமியார் ஏழு வருடத்துக்கு முன்னால் நான்கு எச்செவேரியா (ரோஜாப்பூ மாதிரி தடித்த இலை அடுக்கும் செடி) வைத்தார். இன்று ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இரண்டு பாய் அகலத்துக்கு மண்ணே தெரியாமல் அடைந்து கிடக்கிறது. மேலே பார்த்தால் சாம்பல் நீலத்தில் விளிம்பு மட்டும் சிவந்து அவ்வளவு அழகு. ஆனால் கையை விட்டு விலக்கினால் அடியில் கறுத்து நைந்த இலைகளும் நத்தைகளும்தான். நடுவில் உள்ளவை வெளிச்சம் தேடிக் கழுத்து நீண்டு சாய்ந்துவிட்டன. நேற்று ஒன்றைத் தொட்டதும் தலை கையோடு வந்துவிட்டது, தண்டின் உள்ளே காப்பித்தூள் நிறம். இரண்டு வாரமாக நல்ல வெயில் அடிக்கிறது, இது செப்டம்பர் கடைசி. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மொத்தத்தையும் பிரித்து நட்டுவிடலாம் என்று நினைக்கிறேன், சரியா? மாமியார் இப்போது இல்லை, அதனால் முடிந்தவரை ஒன்றையும் இழக்க விருப்பமில்லை.

குன்னூர்_தேயிலைமேடு:
இப்போது வேண்டாம் அக்கா. இதே யோசனையில் அக்டோபர் முதல் வாரம் முப்பது கன்று பிரித்து நட்டேன், தீபாவளிக்குள் பாதிக்கு மேல் அழுகிப்போனது. நட்டதில் பிழை இல்லை. வெட்டிய இடம் காய்வதற்கு முன்னால் மஞ்சு (மூடுபனி) இறங்கி நாலு நாள் விலகவே இல்லை, காயம் திறந்தபடி ஈரத்தில் உட்கார்ந்தது. ஊட்டி, கூடலூர்ப் பக்கத்துக்காரர்கள் ஜூன், ஜூலை மழையைக் கணக்கு வைத்துச் சொல்லும் மாதம் நமக்குப் பொருந்தாது, நம் சரிவில் அக்டோபர், நவம்பரில்தான் கனத்துப் பெய்யும். 2009-இல் மண் சரிந்ததும் நவம்பரில்தான். எச்செவேரியா மெக்சிகோ மலைச் செடி, அங்கே கோடையில் மழை, குளிர்காலம் வறண்டிருக்கும். நம் உயரமும் குளிரும் அதற்குப் பிடிக்கும், குளிரோடு சேர்ந்து வரும் மழைதான் ஆகாது. பிப்ரவரி கடைசியில் பிரியுங்கள், சித்திரைக் கோடை மழை வரும்போது வேர் பிடித்திருக்கும். அழுகியதை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், பக்கத்தில் இருப்பதற்கும் பரவும்.

ஊட்டி_பனிக்காடு:
மாதம் பற்றி அவர் சொன்னது சரி. கூடவே உறைபனியையும் பாருங்கள். ஊட்டி 2,240 மீட்டர், இங்கே பள்ளத்தில் இருக்கும் வீடுகளில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல் வெள்ளையாகிவிடும். வேர் பிடிக்காத கன்றின் இலைக்குள் தண்ணீர் உறைந்தால் காலையில் கண்ணாடி போல் தெரியும், வெயில் ஏறினதும் கொழகொழவென்று ஆகிவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் வீடு மேட்டில் இருந்தால் அவ்வளவு பயம் இல்லை, ஏனென்றால் குளிர்காற்று கீழேதான் போய்த் தேங்கும். ஒரே ஒரு இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து: மழை படாத தாழ்வாரம் இருந்தால் பத்துப் பதினைந்தை இப்போதே தொட்டியில் ஏற்றிவிடலாம். நெரிசலும் குறையும், மழையில் மற்றது போனாலும் வித்து மிஞ்சும்.

கொடை_கல்தோட்டம்:
செய்முறையை நான் சொல்கிறேன், எங்கள் கொடைக்கானல் வீட்டில் வருடா வருடம் செய்வது. பிரிப்பதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள், இலை கொஞ்சம் தளர்ந்தால் ஒடியாது. குட்டியைப் பிடித்து இழுக்கவே கூடாது. ஓரத்தில் களைக்கொத்தியை ஆழமாக விட்டுக் கொத்தோடு தூக்கி, சாக்கில் கவிழ்த்து, மண்ணை உதிர்த்தால் எந்தக் குட்டி எந்தத் தாயில் ஒட்டியிருக்கிறது என்று தானே தெரியும். வேருள்ள குட்டியைப் பிளேடால் தாயை ஒட்டி அறுங்கள். கழுத்து நீண்டதைத் தலைக்குக் கீழே இரண்டு விரற்கடை தண்டு விட்டு வெட்டி, உள்ளே பாருங்கள். வெளிர் பச்சையாகவோ வெள்ளையாகவோ இருந்தால் நல்லது, பழுப்புப் புள்ளி தெரிந்தால் அது மறையும்வரை மேலே மேலே சீவுங்கள், ஒவ்வொரு முறையும் பிளேடைத் துடைத்துவிட்டு. வேரில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி, கழுவிக் காயவைக்காமல் நடாதீர்கள்.

சமவெளியில் மூன்று நாள் காய்ந்தால் போதும் என்பார்கள், மலையில் ஒரு வாரம், மஞ்சு இருந்தால் பத்து நாள். வெட்டு முகம் தொட்டால் அட்டை மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். மண்ணில் பாதிக்குப் பாதி பருமணலோ சிறு ஜல்லியோ கலந்து, தரையைவிட ஒரு சாண் மேடாக்கி, செடிக்குச் செடி ஒரு சாண் விட்டு நடுங்கள், சாணி எரு வேண்டாம். ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர்.

கோத்தகிரி_வாசல்:
ரொம்ப நன்றி. அழுகியதை எல்லாம் எடுத்துவிட்டேன், அதில் ஒன்பது தலை தேறியது. எங்கே காயவைப்பது? சமையலறை அடுப்புக்கு மேல் பரண் இருக்கிறது, சூடாக இருக்கும். இன்னொன்று, பூத்தால் தாய்ச்செடி செத்துவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், அது உண்மையா?

கொடை_கல்தோட்டம்:
பரண் வேண்டாம், அடுப்பு ஆவி ஏறும். காற்று வரும் ஜன்னல் பக்கம் காலி டம்ளர் வாயில் தலையை உட்கார வையுங்கள், தண்டு அந்தரத்தில் தொங்கட்டும். தண்ணீர் ஊற்றாமலேயே இரண்டு மூன்று வாரத்தில் இளஞ்சிவப்பாக வேர் எட்டிப்பார்க்கும், அப்போது தொட்டிக்கு மாற்றலாம். பூத்ததும் சாவது ஆனைக்கற்றாழை, எச்செவேரியா வருடா வருடம் பூக்கும். அப்புறம், தலை வெட்டிய மொட்டைத் தண்டு நல்லதாக இருந்தால் எறிந்துவிடாதீர்கள், அதன் பக்கத்திலிருந்துதான் நாலைந்து குட்டி கிளம்பும்.

கோத்தகிரி_வாசல்:
ஐயோ, தண்டுகளைக் குப்பைக்குழியில் போட்டிருந்தேன். டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்தேன். மூன்று தண்டின் வெட்டு முகம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. எடுத்து வந்து ஜன்னல் ஓரம் வைத்துவிட்டேன்.