செல்போனைப் பார்க்க விடாத மியூசியம் ஆப்

ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனை மியூசியத்துக்கு வருகிறவர்களுக்காக நானும் சில நண்பர்களும் ஒரு ஆப் வடிவமைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் பார்த்ததை, கேட்டதை எழுதுகிறேன். இதே வேலையில் இருப்பவர்கள் உங்கள் ஊர்க் கதையையும் சொல்லுங்கள்.

அங்கே வருகிறவர்களில் நிறையப் பேர் ராமேஸ்வரம் போகும் வழியில் வேனை நிறுத்தி இறங்குகிறவர்கள், டிரைவர் அரை மணி நேரம் கொடுத்திருப்பார், இவர்களிடம் பிளே ஸ்டோருக்குப் போய் டவுன்லோட் பண்ணுங்கள் என்றால் நடக்காது. அதனால் வாசலில் ஒரு க்யூஆர், ஸ்கேன் செய்தால் பிரவுசரிலேயே திறந்து ஒலிக்கோப்பு எல்லாம் அங்கேயே இறங்கிவிடும், உள்ளே சிக்னல் போனாலும் கவலையில்லை. ஒலியை 32 கேபிபிஎஸ் (நொடிக்கு 32 கிலோபிட்) அளவுக்குச் சுருக்கினால் இரண்டு நிமிடப் பேச்சு அரை எம்பிக்குள் அடங்குகிறது. ஜிபிஎஸ் கட்டடத்துக்குள் உதவாது. எந்த இடத்தில் நிற்கிறோம் என்று போனுக்குச் சிக்னல் கொடுக்கும் சின்னக் கருவியான புளூடூத் பீக்கனைச் சுவரில் வைக்கலாம் என்றார்கள், ஆனால் ஓவியம் தீட்டிய பழைய சுவரில் எதையும் ஒட்டக் கூடாது, அதில் நான் உறுதியாக இருந்தேன். தரையில் நிற்கும் எண் பலகை போதும், எண்ணை அழுத்தினால் குரல் வரும்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சுவர்களிலும் விதானத்திலும் இருப்பவை ராமநாதபுரம் மன்னர் முத்துவிஜய ரகுநாத சேதுபதி (1713–1725) காலத்து ஓவியங்கள். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், மன்னரைப் பார்க்க வந்த ஐரோப்பியர், ராமாயணக் காட்சிகள் என்று நிமிர்ந்து பார்க்க எவ்வளவோ இருக்கிறது. நாங்கள் இரண்டு மாதிரிகளை வைத்துச் சோதித்தோம், ஒன்றில் படமும் எழுத்தும், இன்னொன்றில் குரல் மட்டும். கீழக்கரையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பையன் முதல் மாதிரியைத் திறந்தான், வீடே அவன் கையைச் சுற்றிக் குனிந்துவிட்டது, தலைக்கு மேலே அசல் ஓவியம் விரிந்திருக்க எல்லாரும் அதன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் குரல் மட்டும் உள்ளதைக் கொடுத்தேன். "காக்கா, ஸ்கிரீன் கருப்பாயிடுச்சு" என்றான் (கீழக்கரைப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள்). அப்படித்தான் இருக்கும், கேளு என்றேன். "வலப்பக்கம் திரும்புங்கள், கண்மட்டத்துக்கு மேலே பாருங்கள்" என்று குரல் சொன்னதும் அவனுடைய பாட்டிதான் முதலில் திரும்பினார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரலை நீட்டிப் பேரனுக்குக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

அதிலிருந்து எங்கள் விதி இதுதான்: முதல் வாக்கியம் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லணும், இரண்டாவது வாக்கியத்தில்தான் அது என்ன என்பது. மன்னர் பெயரும் ஆண்டும் அதற்குப் பிறகு வரட்டும், கண் போய் நின்ற பின்தான் காதில் வருடம் ஏறுகிறது.

இன்னொரு சந்திப்பு. அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த பானை ஓடு ஒன்றில் கப்பல் படம் கீறியிருப்பார்கள், வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்து ஊர், ரோமானியக் காசும் ஆம்போரா எனும் இரு கைப்பிடி ஜாடிகளின் ஓடுகளும் கிடைத்த இடம். அந்தப் படத்துக்கு நான் எழுதிய விளக்கத்தைத் தங்கச்சிமடத்தில் வயதான மீனவர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். "தம்பி, மோட்டார் இல்லாத கப்பல், காத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே. கச்சான்ல வந்திருப்பான், வாடை தொடங்குறவரைக்கும் இங்கதான கெடந்திருக்கணும்?" என்றார். தென்மேற்குப் பருவக்காற்றில் வந்து வடகிழக்குக் காற்றில் திரும்பும் அந்தக் காலத்துக் கடல் வணிகத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவர் சம்மதத்தோடு அவர் குரலையே பதிவுசெய்து வைத்துவிட்டோம், ஸ்டுடியோக் குரலைவிட அதைத்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கரையோர மியூசியத்துக்கு ஆப் செய்கிறவர்கள் கடலில் போகிறவர்களிடம் கேட்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

இன்னும் தீராத சிக்கல் சத்தம். ஒரு பள்ளிக்கூட பஸ் வந்தால் ஆளுக்கொரு எண்ணை அழுத்தி மண்டபமே இரைகிறது. போன் பேசுவதுபோல் காதில் வைத்துக் கேட்கும்படி செய்யலாம், ஆனால் வெப் பக்கத்திலிருந்து ஒலியை அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குத் திருப்ப பிரவுசர்கள் எளிதில் விடுவதில்லை. இப்போதைக்கு ஒரு குழுவுக்கு ஒரு போன், ஆசிரியர் கையில். வேறு வழியில் இதைச் சமாளித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், அடுத்த பள்ளி விடுமுறைக்கு முன்னால் மாற்றிவிடலாம்.