புதுப்பிப்பு: ஸ்விஃப்ட் 4,38,000-க்கு முடிந்தது

2017 ஸ்விஃப்ட் பெட்ரோல், 41,000 கிலோமீட்டர், மதுரையில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்காரர் 4,75,000 சொல்கிறார், எவ்வளவுக்குக் கேட்கலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று 4,38,000-க்கு முடித்துவிட்டேன்.

டயரைப் பார்க்கச் சொன்னவருக்குத்தான் முதல் நன்றி. பக்கவாட்டில் 2217 என்றிருந்தது, அதாவது 2017-ன் 22-வது வாரம். நான்குமே வண்டியோடு வந்தவை. பட்டன், அதாவது தரையில் படும் மேடு, இருந்தது, ஆனால் ஓரமெல்லாம் மயிரிழை வெடிப்பு. விரலை வைத்துக் காட்டி, "நாலு டயர் என்ன விலைன்னு நீங்களே சொல்லுங்கண்ணே" என்றதும் கால்குலேட்டரை எடுத்தார். அங்கேயே 22,000 இறங்கியது.

"நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் இருக்கு தம்பி" என்று அதையும் விலையில் ஏற்றியிருந்தார். கிளெய்ம் கேட்காதவருக்கு இன்சூரன்ஸ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி அது. பழைய ஓனரோடு போய்விடும், வண்டியோடு வராது. சொன்னதும் இன்னொரு 15,000 குறைத்தார்.

ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) பழைய ஓனரின் வங்கிக் கடன் பதிவு இன்னும் நீக்கப்படவில்லை. வங்கி தரும் என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்), கடன் பதிவை நீக்கும் பாரம் 35-ம் கைக்கு வரும்வரை விலையில் 50,000 தர மாட்டேன் என்று எழுதி வாங்கியாச்சு. முகம் சுளித்தார். சுளிக்கட்டும், இது அப்பாவின் ரிட்டயர்மென்ட் பணம்.

பெயர் மாறியதும் எழுதுகிறேன்.